செவியாற் படித்தல்

நூலைக் கண்ணாற் படிப்பதே இயல்பென்று கற்றோர் பலரும் எண்ணுவர். சிறிது ஆராயின், எழுத்தென்பது சொல்லைக் குறிக்கும் அடையாளமே என்பதும், அவ்வடையாளத்தை அறிவிற்குக் கொண்டுசெலுத்தும் வாயில் கண்ணாயினும் விரலாயினும் செவியாயினும் அச்செயல் படிப்பே என்பதும் விளங்கும். விரலாற் படிக்கும் முறை தோன்றி இருநூறு ஆண்டுகளாயின. செவியாற் படிக்கும் முறை நம் காலத்திற் பரவியது. டாப்லெட் என வழங்கும் பலகைக் கணினியில், எழுத்தைப் பேச்சாக்கித் தரும் திரைவாசிப்பானைக்கொண்டு பார்வையிழந்தோர் மின்னூல்களைப் படிக்கும் விதத்தையும், அப்படிப்புத் தடையின்றி நிகழ நூல் செய்வோர் ஆற்றவேண்டிய கடமையையும் இங்கே சுருங்க உரைப்பாம்.

1. விரல்வழிப் படிப்பு

18-ஆம் நூற்றாண்டின் இறுதியிற் பாரிஸ் நகரிற் பார்வையற்ற சிறுவர்க்கென ஒரு பள்ளி தோன்றிற்று. அச்செழுத்தின் வடிவத்தையே தடித்த தாளிற் புடைக்கச் செய்து, விரலால் தடவிப் படிக்குமாறு அங்கே கற்பித்தனர். அவ்வெழுத்துக்கள் கண்ணுக்கென அமைந்தவை; ஆதலின் விரலுக்கு எளிதிற் புலப்படவில்லை; மாணவர் தாமே எழுதுதற்கும் உதவவில்லை. அப்பள்ளியிற் பயின்ற லூயி பிரெய்ல் (1809–1852) என்பார், தந்தையாரின் தோல்வேலைக் கூடத்திற் குழந்தைப் பருவத்தில் நேர்ந்த காயத்தாற் பார்வையிழந்தவர். அவர் 1824-ல், தமது 15-ஆம் வயதில், ஆறு புள்ளிகளைக்கொண்டே எழுத்தனைத்தையும் அமைக்கும் முறையை வகுத்தார்.

நம் நாட்டில் இக்கல்வியைத் தொடங்கிவைத்தோர் மிஷன் ஊழியரே. 1887-ல் அமிர்தசரஸ் நகரில் ஆனி ஷார்ப் அம்மையாரும், 1890-ல் பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையாரும் நிறுவிய பள்ளிகள் இத்துறையில் முற்பட்டவை. இந்திய மொழிகட்குப் பொதுவாய்ப் பாரதி பிரெய்ல் என்னும் முறை 1951-ல் வகுக்கப்பெற்றது.

பிரெய்ல் நூல்கட்கு ஒரு குறையுண்டு. கைக்கடங்கும் அச்சுநூல் ஒன்று பிரெய்லில் பல பருமனான தொகுதிகளாய் விரியும். செலவு மிகுதி, ஆக்கக் காலமும் மிகுதி. ஆகவே உயர்கல்வி பயிலப் புகுந்த பார்வையற்ற மாணவர், தமக்குவேண்டிய நூலைப் பிறர் ஓய்வுநேரத்திற் படித்துக்காட்டக் கேட்டே கற்கும் நிலையில் இருந்தனர்.

2. பேசும் கருவிகள்

1976-ல் அமெரிக்கராகிய ரே குர்ஸ்வைல் என்பார், அச்சிட்ட பக்கத்தைத் தானே நோக்கி உரக்கப் படிக்கும் யந்திரத்தை வெளியிட்டார். அது மேசையை அடைக்கும் அளவினது, விலையும் பெரிது. பின்னர்க் கணினியே பேசத் தொடங்கிற்று. 1978-ல் வாகன விபத்திற் பார்வையிழந்த டெட் ஹென்டர் என்பார் தோற்றுவித்த ஜாஸ் என்னும் திரைவாசிப்பான் 1989-ல் வெளிவந்தது. ஆஸ்திரேலியாவிற் பார்வையற்ற இளைஞராகிய மைக்கேல் கரன் 2006-ல் தொடங்கிய என்.வி.டி.ஏ. என்னும் செயலியோ விலையின்றி யாவர்க்கும் கிடைக்கின்றது. பயன்படுத்துவோரே ஆக்கியோராய் இருந்தமை இவ்வரலாற்றிற் குறிக்கத்தக்கது.

பொத்தானில்லாத கண்ணாடிப் பலகை வந்தபோது பலர் அஞ்சினர். தடவிக் காணுதற்கு மேடு பள்ளம் ஒன்றும் இல்லாத வழவழப்பான பரப்பைப் பார்வையற்றோர் எங்ஙனம் ஆள்வர்? இதற்கு விடையாக 2009-ல் ஐபோனிலும், 2010-ல் முதன்முதல் வந்த ஐபேடிலும் வாய்ஸோவர் என்னும் திரைவாசிப்பான் கருவியுடன் ஒன்றாகவே அமைந்துவந்தது. ஆண்டிராய்டு கருவிகளில் டாக்பேக் என்பது இத்தொழிலைச் செய்கின்றது. தனியே விலைகொடுத்துத் திரைவாசிப்பான் வாங்கவேண்டிய தேவை இவற்றால் நீங்கிற்று.

3. படிக்கும் விதம்

ஐபேடை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். வாய்ஸோவர் இயங்கும்போது ஒரு விரலாற் கண்ணாடியைத் தொட்டால், விரலின்கீழ் உள்ளது இன்னதென்று கருவி சொல்லும், அதனைத் திறந்துவிடாது. விரலை வலப்புறம் விரைந்து தள்ளினால் அடுத்ததையும், இடப்புறம் தள்ளினால் முந்தியதையும் சொல்லும். வேண்டியது வந்தபின் இருமுறை தட்டினாற் திறக்கும். இருவிரல்களைக் கீழ்நோக்கித் தள்ளின், நின்ற இடத்திலிருந்து இடைவிடாது படித்துச் செல்லும்; இருவிரல்களால் ஒருமுறை தட்டின் நிற்கும்; மீண்டும் தட்டின் தொடரும். மூன்று விரல்களைப் பக்கவாட்டில் தள்ளுதல் ஏடு புரட்டுதலாகும்.

இவற்றுள் மிகப் பயனுடையது ரோட்டர் எனப்படும் சுழற்றுமுறை. இருவிரல்களைக் கண்ணாடியின்மேல் வைத்துக் குமிழைத் திருகுவதுபோற் சுழற்றினால், எழுத்து, சொல், வரி, தலைப்பு என அளவுகள் மாறும். 'தலைப்பு' என்று நிறுத்தி, ஒரு விரலைக் கீழ்நோக்கித் தள்ளின் அடுத்த அதிகாரத்தின் தலைப்பிற்குச் செல்லலாம். 'எழுத்து' என்று நிறுத்தின் ஒரு சொல்லை எழுத்தெழுத்தாய்க் கேட்கலாம். பேச்சின் வேகத்தை வேண்டியவாறு கூட்டவும் குறைக்கவும் இயலும். பழகியோர் கேட்கும் வேகம் புதியோர்க்கு வெற்றிரைச்சலாகவே தோன்றும். திரையை முற்றும் இருளச்செய்து படிக்கவும் வழியுண்டு. பக்கத்திலிருப்போர் பிறர் படிப்பதை எட்டிப்பார்த்தற்கு அங்கே இடமில்லை.

4. கேள்வியும் படிப்பும்

திருக்குறளில் கல்வி 40-ஆம் அதிகாரமாகவும் கேள்வி 42-ஆம் அதிகாரமாகவும் தனித்தனி நிற்றல் காண்க. பிறர் சொல்லக் கேட்டறிவது கேள்வி. படித்துக்காட்டுவோர் களைத்தால் அது நிற்கும்; அவர் விட்டுச்சென்ற வரி கேட்போர்க்கு இல்லையாகும்; ஒரே பத்தியைப் பத்துமுறை படிக்கச்சொல்ல நாவெழாது. திரைவாசிப்பானுடன் நூலை ஏந்தியவர் நிலை வேறு. நள்ளிரவிலும் படிப்பார்; ஐயம் நேர்ந்த இடத்தில் நிறுத்துவார்; முன்னே கூறியதைத் தேடி ஒப்புநோக்குவார்; வேண்டாததைத் தள்ளிச்செல்வார். நூலின்மீது ஆட்சி அவருடையது. ஆதலின் இதனைக் கேள்வியென்னாது படிப்பென்றலே தகும்.

செவிவழி வந்தமையால் விரல்வழி ஒழிந்ததென்று கருதற்க. அரம், அறம் என்பனவும், வலி, வளி, வழி என்பனவும் யந்திரக் குரலில் எப்போதும் தெளிவாக வேறுபடுவதில்லை. செவியை மட்டுமே நம்பி வளரும் சிறுவர்க்கு எழுத்துப்பிழை மிகுதல் இயல்பு. எழுத்தெழுத்தாய்க் கேட்டல் இதற்கு ஒரு மருந்து; புள்ளிகள் எழுந்தும் அமிழ்ந்தும் வரி காட்டும் பிரெய்ல் கருவியைப் பலகைக் கணினியோடு இணைத்து விரலாலும் படித்தல் அதனினும் சிறந்த மருந்து.

5. தமிழ் நூல்களின் நிலை

இத்துணைச் சிறந்த சாதனம் கையிலிருந்தும், தமிழ் மாணவர்க்கு நூல் ஊமையாகிவிடுவதுண்டு. காரணம் இரண்டு.

முதலாவது, பக்கத்தைப் படமாகவே பிடித்து வெளியிடுதல். கண்ணுக்கு அது நூல். கருவிக்கோ வெறும் கறுப்பு வெள்ளைப் புள்ளிகள். படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தறியும் செயலிகள் இப்போது நன்கு வளர்ந்துள்ளன. ஆயினும் மங்கிய அச்சும், இருபத்தி அமைப்பும், பழைய எழுத்துருவங்களும் வருமிடத்து அவை தடுமாறும். ஒரு குறிலை நெடிலாகக் கொண்டால் செய்யுளின் பொருளே மாறும்.

இரண்டாவது, பழைய எழுத்துரு முறை. பாமினி முதலிய எழுத்துருக்களில் ஆங்கில எழுத்துக்களின்மேல் தமிழ்வடிவம் போர்த்தப்பட்டிருக்கும். 'தமிழ்' என்னும் சொல்லைப் பாமினியில் அடித்தாற் கண்ணுக்குத் தமிழ் என்றே தோன்றும். திரைவாசிப்பானோ ஜே, கே, பி, ஓ என்னும் ஆங்கில எழுத்துக்களையும் ஓர் அரைப்புள்ளியையுமே அங்கே காணும். யூனிகோடு என்னும் ஒருங்குறியில் 1991-ல் வெளிவந்த முதற் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. அம்முறையில் அடித்த எழுத்து எக்கருவியிலும் எழுத்தாகவே நிற்கும். 1998-ல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் அன்பர்கள் பழந்தமிழ் நூல்களை எழுத்துவடிவிற் பதிந்து இலவசமாக வழங்கிவருதல், அவர்கள் முதலிற் கருதிய பயனுடன் இப்பயனையும் தருகின்றது.

6. உரிமையும் சட்டமும்

நூல் பேசுவதையே தடுக்க முற்பட்டோரும் உண்டு. 2009-ல் அமேசான் கம்பெனியார் வெளியிட்ட இரண்டாம் கிண்டில் கருவி நூல்களை உரக்கப் படித்தது. ஒலிநூல் விற்பனைக்குரிய உரிமை இதனாற் கெடுமென்று அமெரிக்க எழுத்தாளர் சங்கத்தார் மறுத்தனர். நூல்தோறும் குரலை நிறுத்திவைக்கும் அதிகாரம் பதிப்பாளர்க்கு விடப்பட்டது. அவ்வாண்டு ஏப்ரலிற் பார்வையற்றோர் நியூயார்க்கில் திரண்டு தங்கள் மறுப்பைத் தெரிவித்தனர். நூலை விலைகொடுத்து வாங்கவே அவர்கள் ஆயத்தமாயிருந்தனர். வாங்கியதைப் படிக்கும் உரிமையையே வேண்டினர்.

சட்டம் பின்னர் அவர்கள்பால் திரும்பிற்று. நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டம் 2012-ல் திருத்தப்பெற்று, உடற்குறையுடையோர் படிக்கத்தக்க வடிவில் நூலை மாற்றியமைத்தற்கு இடந்தந்தது. 2013-ல் மராகேஷ் நகரில் இதே நோக்குடன் உலக நாடுகள் ஓர் உடன்படிக்கை செய்தன. 2014-ல் அதனை முதன்முதல் உறுதிசெய்த நாடு இந்தியாவே. 2016-ல் அது நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டே இந்திய அரசினரின் சுகம்ய புஸ்தகாலயம் என்னும் மின்னூலகமும் திறக்கப்பெற்றது.

7. நம் கடமை

சட்டம் வழிதிறக்கும், நூலை அது செய்துதராது. வகுப்புத் தொடங்கும்போது பிறர் கையிற் பாடநூல் இருக்க, பார்வையற்ற மாணவர்க்கு அதே நூல் தேர்வுக்குச் சின்னாள் முன்னர்க் கிடைக்குமாயின், இருவரையும் ஒரே வினாத்தாளால் அளப்பது எங்ஙனம் நீதியாகும்? இக்குறையை நீக்குதல் ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் எளிது. குறிப்புக்களை ஒருங்குறியில் அடித்தல் வேண்டும். தலைப்பைத் தடித்த எழுத்தாக்கி விடாது, 'தலைப்பு' என்றே கணினிக்கு அறிவித்தல் வேண்டும்; இன்றேல் ரோட்டர் அதனைக் காணாது. படத்தின் பொருளை ஓரிரு வரியில் எழுதி அதனோடு சேர்த்தல் வேண்டும். அச்சுநூலின் பக்க எண்களை மின்னூலிலும் காத்தல் வேண்டும். ஆசிரியர் '42-ஆம் பக்கம்' என்றவுடன் எல்லா மாணவரும் ஓரிடத்தில் நிற்றற்கு அதுவே வழி.

மாணவ நண்பர்காள்! நம் கல்லூரி மலர் மின்னூலாக வெளிப்படுமுன், உங்களில் ஒருவர் அதனைப் பலகைக் கணினியில் ஏற்றித் திரையை இருளச்செய்து, பொருளடக்கத்திலிருந்து ஒரு கட்டுரைக்குச் சென்று அதனை இறுதிவரை கேட்டுப்பாருங்கள். கருவி எங்கே தடுமாறுகின்றது, எங்கே வாளாவிருக்கின்றது என்று குறித்து, அவ்விடங்களைத் திருத்தியபின் வெளியிடுங்கள். அதற்கு ஒரு மாலைப்பொழுது போதும்.