சோதனைக்குழாயும் கடலும்

நுழையும்முன்

ஆய்வகக் கண்ணாடிக் குழாய்க்குள் நிகழ்வது அக்குழாயோடு முடிந்துவிடுவதில்லை. அதில் எழும் குமிழிக்கும் கடலில் மேயும் ஆவுளியாவின் உணவுக்கும் உறவு உண்டு. இராமநாதபுரக் கடற்கரையை முன்னிறுத்தி அவ்வுறவை விளக்குகிறது இப்பாடம்.

இராமேசுவரம் தீவுக்கு வடக்கே பாக் விரிகுடா; தெற்கே மன்னார் வளைகுடா. கரையையும் தீவுகளையும் ஒட்டிய ஆழம் குறைந்த பகுதிகளில் கதிரவன் ஒளி அடித்தரை வரை எட்டுகிறது. அங்கே கடற்புல்லும் பாசியும் பவளமும் செழிக்கின்றன. ஒளிச்சேர்க்கை, சுவாசித்தல், நொதிச்செயல் ஆகிய மூன்றையும் மேல்நிலை வகுப்பு மாணவர்கள் தனித்தனிக் குழாய்களில் காண்கின்றனர். இக்கடலில் அவை மூன்றும் ஒரே நீரில், ஒரே நேரத்தில் நிகழ்கின்றன.

குமிழி கூறும் செய்தி

நீர் நிறைந்த முகவையில் ஹைட்ரில்லாக் கிளைகளை வைத்து, அவற்றின்மேல் புனலைக் கவிழ்த்து, புனலின் காம்பின்மேல் நீர் நிரம்பிய சோதனைக்குழாயைத் தலைகீழாகப் பொருத்துவர். வெயிலில் வைத்த சிறிது நேரத்தில் குமிழிகள் எழுந்து குழாயின் உச்சியில் சேரும். சிறிதளவு சமையல் சோடாவை நீரில் கரைத்தால் கார்பன் டைஆக்சைடு மிகுந்து, குமிழிகள் விரைந்து எழும். கறுப்புத் துணியால் மூடினால் அவை குறைந்து நின்றுவிடும்.

நீரில் மூழ்கிய இலைகள் ஒளியில் குமிழி விடுவதையும் இருளில் விடாமையையும் 1779ஆம் ஆண்டில் உலகுக்கு உணர்த்தியவர் இன்ஜென்ஹவுஸ் என்னும் டச்சு மருத்துவர். நம் நாட்டின் ஜகதீச சந்திர போஸ், ஹைட்ரில்லா வெளியிடும் ஆக்சிசனைத் தானே பதிவு செய்யும் கருவியை உருவாக்கி, ஒளிச்சேர்க்கை குறித்த தம் நூலை 1924இல் வெளியிட்டார்.

முகவையில் ஹைட்ரில்லா செய்யும் பணியைக் கடலடியில் கடற்புல் செய்கிறது. இது பாசி அன்று. வேரும் பூவும் உடைய தாவரம். பாசிகளைக் காட்டிலும் இதற்குக் கூடுதல் ஒளி தேவை. இழுவைமடிகள் அடித்தரையை உழுதுசெல்லும்போது புல் வேரோடு பெயர்கிறது. கிளர்ந்த சேறு நீரைக் கலக்கி, எஞ்சிய புல்லுக்கும் ஒளியை மறைக்கிறது. ஆய்வகத்தில் கறுப்புத் துணி செய்ததைக் கடலில் சேறு செய்கிறது. கடற்புல்லையே முதன்மை உணவாகக் கொண்டு வாழும் கடற்பசு, இப்பகுதியில் ஆவுளியா எனப்படுகிறது. புல்வெளி அழிந்தால் அதற்கு வாழ்விடம் இல்லை. 2022 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு பாக் விரிகுடாவின் வடபகுதியில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது இதனால்தான்.

இருளிலும் ஓயாத மூச்சு

ஒளிச்சேர்க்கைக்கு ஒளி வேண்டும். சுவாசித்தலுக்கோ இரவும் பகலும் ஒன்றே. முளைகட்டிய பயற்றைக் கூம்புக்குடுவையில் இட்டு, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் கொண்ட சிறுகுழாயை உள்ளே தொங்கவிடுவர். வளைந்த குழாய் ஒன்றின் ஒரு முனை குடுவைக்குள்ளும் மறுமுனை வண்ணநீரிலும் இருக்கும். பயறு ஆக்சிசனை ஏற்கிறது; அது வெளியிடும் கார்பன் டைஆக்சைடைக் கரைசல் உறிஞ்சிக்கொள்கிறது. குடுவைக்குள் காற்றின் அளவு குறைய, வண்ணநீர் குழாயில் ஏறுகிறது. வேகவைத்த பயற்றில் இம்மாற்றம் நிகழ்வதில்லை.

மூடிய குடுவைக்குள் ஆக்சிசன் குறைவதைப் போன்ற நிலை திறந்த கடலிலும் நேரலாம். 2019 செப்டம்பரில் மண்டபம், பாம்பன் பகுதிகளில் கடல்நீர் பச்சை நிறமாயிற்று. மீனவர்கள் பூங்கோரை என்றழைக்கும் நாக்டிலூக்கா என்னும் ஒருசெல் உயிரி அளவின்றிப் பெருகியதே காரணம். அவ்வுயிரிகள் மடிந்து அழுகியபோது, அவற்றைச் சிதைத்த நுண்ணுயிரிகள் நீரில் கரைந்திருந்த ஆக்சிசனைச் சுவாசித்துக் குறைத்தன. மீன்கள் செத்துக் கரை ஒதுங்கின. தீவையொட்டிய பவளங்கள் பலவும் மடிந்தன.

நொதியும் வெப்பமும்

நறுக்கிய உருளைக்கிழங்கை ஹைட்ரஜன் பெராக்சைடில் இட்டவுடன் நுரை பொங்கும். கிழங்கின் செல்களில் உள்ள கேட்டலேஸ் என்னும் நொதி, நச்சுத்தன்மையுள்ள பெராக்சைடை நீராகவும் ஆக்சிசனாகவும் பிரிக்கிறது. வேகவைத்த கிழங்கில் நுரை எழாது. நொதி ஒரு புரதம். வெப்பம் மிகுந்தால் அதன் வடிவம் குலைந்து செயலற்றுப்போகும்.

பவளத்தின் திசுக்களுக்குள் நுண்பாசிகள் குடியிருந்து ஒளிச்சேர்க்கை செய்து, அதற்கு உணவளிக்கின்றன. பவளத்தின் நிறத்திற்கும் அவையே பெரிதும் காரணம். கடல்நீர் வழக்கத்தைவிடச் சற்று வெப்பமடைந்து சில வாரங்கள் நீடித்தாலே பாசியின் ஒளிச்சேர்க்கை அமைப்பு பழுதுபடுகிறது. ஏற்ற ஒளியைப் பயன்படுத்த இயலாத நிலையில் பெராக்சைடு போன்ற நச்சுப்பொருள்கள் பெருகுகின்றன. அவற்றை அகற்றும் நொதிகளால் ஈடுகொடுக்க முடியாதபோது, பவளம் தன் பாசிகளை வெளியேற்றி வெளிறுகிறது. மன்னார் வளைகுடாப் பவளங்கள் 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் இவ்வாறு வெளிறின. வெப்பம் விரைவில் தணிந்தால் அவை மீளலாம். நீடித்தால் பட்டினியால் மடியும்.

தெரியுமா?

இராமேசுவரம் முதல் தூத்துக்குடி வரையுள்ள 21 தீவுகளை உள்ளடக்கிய மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்கா 1986இல் அறிவிக்கப்பட்டது. 1947இல் தொடங்கப்பட்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமையகம், 1971இல் கொச்சிக்கு மாறும்வரை மண்டபத்தில் இருந்தது.

மற்றொரு குழாய்

ஒவ்வோர் ஆய்விலும் ஒப்பிடுவதற்கென மற்றொரு குழாய் உண்டு. ஒன்றில் பச்சைப்பயறு, மற்றதில் வேகவைத்த பயறு. ஒன்று ஒளியில், மற்றது இருளில். முடிவு பிழைத்தால் குழாயைக் கழுவி மீண்டும் தொடங்கலாம். கடலுக்கு ஒப்பிட மற்றொரு கடல் இல்லை; கழுவித் தொடங்கவும் வழியில்லை. ஆதலால் கடலில் நேரக்கூடியதை ஆய்வகக் குழாயிலேயே கண்டுணர வேண்டியுள்ளது. செய்முறைத் தேர்வு மதிப்பெண்ணோடு அக்குழாயின் பணி முடிவதில்லை. ஒளி மறைந்தால், ஆக்சிசன் குறைந்தால், வெப்பம் ஏறினால் உயிருக்கு என்ன நேரும் என்பதை அது முன்கூட்டியே காட்டுகிறது. அதைக் கண்ட மாணவர், கரையில் நின்று கலங்கிய நீரையும் வெளிறிய பவளத்தையும் பார்க்கும்போது அவற்றின் காரணத்தை அறிவார். அதைப் பிறருக்கும் எடுத்துரைப்பார்.

கற்பவை கற்றபின்

1. உயிரியல் ஆய்வகத்தில் செய்த ஓர் ஆய்வை, அறிவியல் அறியாத ஒருவருக்கு விளங்குமாறு ஒரு பக்க அளவில் எழுதுக.

2. உங்கள் ஊரின் குளம், கண்மாய், கடல் ஆகியவற்றுள் ஒன்றில் நேர்ந்துள்ள மாற்றங்களை ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டறிந்து வகுப்பறையில் உரையாற்றுக.