தடாகத்தை இறைக்க வேண்டாம்

அன்புள்ள மருமகனுக்கு,

குடிபுகல் படங்களை மாமி தொலைபேசியில் காட்டினார். ஏஜாக்ஸ் வீடு வடிவாக இருக்கிறது. பால் பொங்கும் பானைக்குப் பின்னால், யன்னலுக்கு வெளியே, பச்சை மூடி போட்ட நீள்சதுரம் ஒன்று தெரிந்தது. மாமா படத்தைப் பெருப்பித்துப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, "உந்தத் தடாகத்தை ஆர் பார்க்கப் போயினம்?" என்பதுதான். அடுத்த நாள் உமது அம்மாவிடமிருந்து பதில் வந்தது. "மே மாதம் மூடியைக் கழற்றி, பழைய தண்ணி முழுக்க இறைச்சுப்போட்டுப் புதுத் தண்ணி விடப்போறானாம்." அதைக் கேட்ட பிறகு மாமாவுக்கு நித்திரை வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

எண்ணம் எங்கிருந்து வந்தது என்று மாமாவுக்குத் தெரியும். யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவருக்குத் தண்ணீரைச் சுத்தம் செய்வதென்றால் இறைப்பதுதான். வருடத்தில் ஒருநாள், வெயிலில் நீர்மட்டம் இறங்கிய நேரம் பார்த்து, மெசினைப் பூட்டிக் கிணற்றை அடிவரை இறைப்பார்கள். ஒருவர் உள்ளே இறங்கிச் சேற்றையும், எப்போதோ விழுந்த வாளியையும், சிலவேளை பக்கத்து வீட்டுப் பந்தையும் மேலே அனுப்புவார். மறுநாள் விடியும்போது ஊற்றுத் தண்ணீர் பளிங்குபோல நிற்கும். அங்கே சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் தண்ணீர் தானாக ஊறி வருகிறது. நிலத்தடி நீருக்குத் திறந்துவிட்ட வாசல் கிணறு. தடாகம் அதே நீரை வெளியே நிறுத்தி வைக்கக் கட்டிய தொட்டி.

கிணற்றைக்கூட எந்த நேரமும் கண்டபடி இறைக்க முடியாது. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு கிழக்குக் கரையோரத்தில் உப்பேறிய கிணறுகளை நல்ல மனத்தோடுதான் மெசின் வைத்து இறைத்தார்கள். அளவுக்கு மிஞ்சி இறைத்த இடங்களில் அடியிலிருந்த உப்புநீர் மேலே ஏறி, நிலைமை மோசமானது.

ஒன்ராறியோவுக்கு வருவோம். உமது தடாகம் 16 அடிக்கு 32 அடி, சராசரி ஆழம் 5 அடி என்று வைத்தால் உள்ளே நிற்பது ஏறத்தாழ 72,000 லீற்றர் தண்ணீர். அதன் பாரம் 72 தொன். வசந்தத்தில் பனி உருகி, மழையும் சேர்ந்து, நிலத்தடி நீர் உயர்ந்து நிற்கிற காலத்தில் அந்த 72 தொன்தான் தொட்டியை நிலத்துக்குள் அழுத்திப் பிடிக்கிறது. பாரத்தை எடுத்தால் கொங்கிறீற்றோ ஃபைபர் கிளாசோ செய்த தொட்டி, வெறும் சட்டி வாளித் தண்ணீரில் மிதப்பதுபோல, நிலத்திலிருந்து மேலே கிளம்பக்கூடும். கனடாவில் பல வீடுகளில் இருப்பது வினைல் லைனர். அதற்கு வேறு கதி. பின்னால் ஊறும் நீர் அதைத் தூக்கி ஊதப் பண்ணும். வெயிலில் காய்ந்தால் பழைய லைனர் சுருங்கி மூலைகளில் கிழியும். உள்ளே தண்ணீரின் எதிரழுத்தம் இல்லாமல் சுவர்கள் மண்ணின் தள்ளலுக்குச் சாயவும் கூடும்.

இதைப் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. மாமா 1990களின் நடுவில் ஸ்காபரோவில் முதல் வீடு வாங்கியபோது, ஊர் வழக்கப்படி வாடகைக்குப் பம்பி எடுத்து, இரண்டு நண்பர்களையும் கூப்பிட்டு, காலையிலிருந்து இறைத்தார். பின்னேரம் தேத்தண்ணீர் குடித்துவிட்டு வந்து பார்த்தால், தடாகத்தின் அடித்தளம் எண்ணெய்ச்சட்டிப் பூரிபோல உப்பி நின்றது. அந்த வருடம் நீந்த முடியவில்லை. புது லைனர் போட்டதோடு கோடையும் முடிந்தது. அந்தக் காசுக்கு ஒரு நல்ல சங்கிலி வாங்கியிருக்கலாம் என்று மாமி இன்றைக்கும் சொல்லுவார்.

ஆகவே இருக்கிற தண்ணீரைத் திருத்தும். பச்சையாக இருந்தாலும் பெரும்பாலும் திருத்தலாம்.

பச்சை நிறத்துக்காக வெட்கப்படவும் தேவையில்லை. 2016 ஒகஸ்டில் றியோ ஒலிம்பிக்கின் பாய்தல் தடாகம், உலகமே பார்த்துக்கொண்டிருக்க, ஒரே இரவில் பச்சையானது. யாரோ 160 லீற்றர் ஹைட்ரஜன் பெரொக்சைட்டை ஊற்றிவிட்டார்கள், அது குளோரினைச் செயலிழக்கச் செய்துவிட்டது என்று ஏற்பாட்டாளர்கள் பின்னர் விளக்கினார்கள். பக்கத்துத் தடாகமும் நிறம் மாறி, போட்டிக்கு நேரம் இல்லாததால் கிட்டத்தட்ட 37 இலட்சம் லீற்றர் தண்ணீரை வெளியேற்றிப் பயிற்சித் தடாகத்துத் தண்ணீரை உள்ளே விட்டார்கள். அவர்களுக்கு அவசரம். உமக்கு அவசரமில்லை.

எப்போது திறப்பது? இங்கே பலருக்கு விக்ரோறியா தின நீள் வார இறுதிதான் முகூர்த்தம். மே 25க்கு முந்திய திங்கட்கிழமை அது. மாமா அதற்கு இரண்டு கிழமை முன்னரே திறந்துவிடுவார். தண்ணீர் 15 பாகை செல்சியசைத் தாண்டினால் மூடிக்குக் கீழே பாசி வேகமாக வளரத் தொடங்கும். குளிர்ந்த தண்ணீரில் திறந்தால் குளோரின் செலவு குறைவு. நீந்துவதற்கு யூன் வரை பொறுக்க வேண்டியிருக்கும், அது பரவாயில்லை.

மூடியின் மேல் மழைநீரும் அழுகிய மேப்பிள் இலையும் சேர்ந்து கறுப்புச் சாறாக நிற்கும். அதைச் சிறிய பம்பியால் எடுத்து, இலைகளை அள்ளிய பிறகே மூடியில் கை வைக்க வேண்டும். அவசரப்பட்டால் குளிர்காலம் முழுவதும் ஊறிய அந்தச் சாறு ஒரு நொடியில் உள்ளே போய்விடும். பிள்ளைகளைப் பக்கத்தில் விட வேண்டாம். மூடியின் மேல் தேங்கிய கொஞ்சத் தண்ணீரும் சிறு குழந்தைக்கு ஆழம்தான்.

பிறகு அடைப்பான்கள். இலையுதிர் காலத்தில் மூடியவர் குழாய் வாய்களில் றப்பர் அடைப்பான் போட்டிருப்பார். மேல்மட்டக் குப்பையை உறிஞ்சும் ஸ்கிம்மருக்குள்ளும் ஒன்று இருக்கும். குழாய்க்குள் இளஞ்சிவப்புத் திரவம் தெரிந்தால் பயப்பட வேண்டாம், அது தண்ணீர் உறையாமலிருக்க விட்டது. பம்பியின் அடிப்பக்கத்துச் சிறு அடைப்பான்களை எங்கே வைத்தார் என்று தேடி அலைய வேண்டியிருக்கலாம். தெரிந்த ஆள் என்றால் பம்பியின் கூடைக்குள்ளேயே போட்டிருப்பார். கூடை மூடியின் றப்பர் வளையத்துக்குச் சிலிக்கன் கிறீஸ் பூசும். வீட்டிலிருக்கும் வாசலின் வேண்டாம், அது நாளடைவில் றப்பரைக் கெடுக்கும். தடாகத்து நீர்மட்டம் ஸ்கிம்மர் வாயின் நடுப்பகுதி வரை வரட்டும். கூடையை வாளித் தண்ணீரால் நிரப்பிவிட்டு ஆளியைப் போடும். காற்றை மட்டும் உறிஞ்சிக்கொண்டு ஓடும் பம்பி சூடேறிப் பழுதாகும். அந்த மின்இணைப்பில் ட்றிப் சுவிச் வேலை செய்கிறதா என்று அன்றைக்கே பரிசோதியும்.

மணல் ஃபில்ரர் என்றால் அதன் அழுத்தமானியைச் சுத்தமான நிலையில் ஒருமுறை பார்த்து, எண்ணைச் சுவரில் எழுதி வையும். அதிலிருந்து 8 அல்லது 10 பிஎஸ்ஐ ஏறினால் மணலைப் பின்னோக்கிக் கழுவும் நேரம் வந்துவிட்டது. கழுவிய நீரைத் தெருவோர மழைநீர் வடிகாலுக்குள் விட வேண்டாம். அந்த வடிகால் நேரே ஓடைக்குப் போகிறது, ஓடை ஏரிக்குப் போகிறது, குளோரின் மீனுக்கு நஞ்சு.

இனித்தான் பலர் சறுக்கும் இடம். கடைக்குப் போய் வண்டில் நிறைய வாளி வாங்கி வந்து, எல்லாவற்றையும் ஒரே பின்னேரத்தில் கொட்டுவார்கள். மாமியின் குழம்பில் உப்பும் புளியும் தூளும் ஒரே நேரத்திலா விழுகின்றன? ஒருநாள் தண்ணீரைச் சுழல விட்டு, பிறகு சோதிக்க வேண்டும். முதலில் காரத்தன்மை. அது 80க்கும் 120 பிபிஎம்முக்கும் இடையில் நின்றால்தான் மற்றவை தள்ளாடாமல் நிற்கும். குறைந்திருந்தால் அதை உயர்த்தும் மருந்து உமது குசினியிலேயே இருக்கிறது: அப்பச்சோடா. உமது தடாகத்தின் அளவுக்கு 10 பிபிஎம் உயர்த்த ஏறத்தாழ 1.2 கிலோ போதும். தடாகக் கடையில் இதே சோடாவை வேறு பெயர் ஒட்டிய வாளியில் கூடின விலைக்கு விற்பார்கள்.

அடுத்தது பீ.எச். இதை 7.2க்கும் 7.8க்கும் இடையில் வைக்கச் சொல்வார்கள். ஏன் என்று ஒருவரும் சொல்வதில்லை, உம்மைப்போலப் பொறியியல் படித்தவருக்குக் காரணம் தெரிய வேண்டும். தண்ணீரில் கரைந்த குளோரின் இரண்டு வடிவங்களில் இருக்கும். ஒன்று ஹைப்போகுளோரஸ் அமிலம்; கிருமியைக் கொல்வது அதுதான். மற்றது ஹைப்போகுளோரைட் அயன், அது மந்தமானது. பீ.எச். 7.5 அளவில் இரண்டும் சரிபாதி. 8 ஆனால் வேலை செய்யும் பங்கு நாலிலொன்றளவாகச் சுருங்கிவிடும். சோதனைத் தாளில் குளோரின் நல்ல அளவில் தெரியும், தண்ணீரோ பச்சையாகவே நிற்கும். மாமா ஒரு கோடை முழுக்க இப்படி வாளி வாளியாகக் குளோரின் ஊற்றியிருக்கிறார்.

மூன்றாவதாகவே குளோரின். திரவக் குளோரின் 12 வீதமானது என்றால் ஒரு லீற்றர் உமது தண்ணீரில் ஒன்றரை பிபிஎம்முக்குக் கொஞ்சம் கூட உயர்த்தும். சாதாரண நாளில் 1 முதல் 3 பிபிஎம் போதும், பச்சைத் தண்ணீருக்குப் பல மடங்கு வேண்டும். பொழுதுபட்ட பின் ஊற்றும், வெயிலில் குளோரின் சில மணித்தியாலங்களில் கரைந்துபோகும். அதைத் தடுக்கச் சயனூரிக் அமிலம் என்றொரு காவலாளி உண்டு. 30 முதல் 50 பிபிஎம் வரை நல்லது. மிதவைக்குள் போடும் வெள்ளை வில்லைகளில் அது ஏற்கெனவே சேர்ந்திருக்கிறது. குளோரின் செலவாகிவிடும், இது செலவாகாது. ஒவ்வொரு வருடமும் ஏறிக்கொண்டே போய், கடைசியில் குளோரினையே கட்டிப்போடும். அந்த நிலையில் மட்டும் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றலாம். அப்போதும் முழுக்க இறைப்பதில்லை.

இன்னொன்றை மாமா கோபமாகவே எழுதுகிறார். குளோரினும் பீ.எச். குறைக்கும் அசிட்டும் ஒரே அலுமாரியில் இருக்கக் கூடாது. இரண்டும் கலந்தால் வருவது குளோரின் வாயு. முதலாம் உலகப் போரில், 1915இல் ஈப்பர் போர்க்களத்தில் ஆட்களைக் கொன்ற அதே வாயு. வில்லைக் குளோரினையும் தூள் குளோரினையும் ஒரே வாளியில் கலந்தால் தீப்பற்றி வெடிக்கலாம். ஒன்றை அள்ளிய கரண்டியால் மற்றதை அள்ளுவதும் அதே முட்டாள்தனம். எப்போதும் தண்ணீருக்குள்தான் மருந்து, மருந்துக்குள் தண்ணீர் அல்ல.

தடாகத்தில் மூக்கைத் துளைக்கும் மணம் வந்தால் "குளோரின் கூடிப்போச்சு" என்று மச்சான்மார் தீர்ப்புச் சொல்லுவார்கள். பெரும்பாலும் குளோரின் குறைவுதான் காரணம். வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேர்ந்து குளோரமின் ஆகின்றன. மணமும் கண் எரிவும் அவற்றிலிருந்து வருகின்றன. முதலில் ஒரு குளிப்பு, பிறகு தடாகம் என்று பிள்ளைகளுக்குச் சட்டம் போடும். மச்சான்மாருக்கும் போடும்.

ஆழமான பக்கத்தின் அடியில் வடிகால் மூடி ஒன்று இருக்கிறது. மேலே நின்று பார்க்கும்போது அது தெளிவாகத் தெரியும்வரை ஒருவரும் இறங்கக் கூடாது. கலங்கல் தண்ணீரில் மூழ்கிய பிள்ளை கண்ணுக்குத் தெரியாது. அந்த மூடி வெடித்தோ கழன்றோ இருந்தாலும் தடாகத்தைப் பூட்டி வையும். 2002இல் அமெரிக்காவின் முன்னாள் வெளியுறவுச் செயலாளர் ஜேம்ஸ் பேக்கரின் ஏழு வயதுப் பேத்தி, சுடுநீர்த் தொட்டியின் வடிகால் உறிஞ்சலில் சிக்கி உயிரிழந்தார். 2007இல் அந்த நாடு அந்தச் சிறுமியின் பெயரிலேயே சட்டம் இயற்றி, பொதுத் தடாகங்களில் சிக்கிக்கொள்ளாத வடிகால் மூடிகளைக் கட்டாயமாக்கியது.

வேலியைப் பொறுத்தவரை நகரசபைக்கு நகரசபை அளவு மாறும். உங்கள் நகரசபையைக் கேட்டு அறியும். உயரம் எதுவாயினும் படலை தானாகச் சாத்தித் தானாகக் கொளுவ வேண்டும். நீர் வாங்கியது பழைய வீடு. அந்தக் கொளுவி துருப்பிடித்திருக்கும் என்று மாமா பந்தயம் கட்டுவார்.

எங்கள் ஆட்கள் பலருக்கு நீந்தத் தெரியாது. கடலுக்குப் பக்கத்தில் பிறந்தும், கிணற்றடியில் வாளியால் அள்ளிக் குளித்தே வளர்ந்தவர்கள். உமது அம்மாவும் அப்படித்தான், மாமியும் அப்படித்தான். கனடாவின் உயிர்காப்புச் சங்கம் குறைந்தபட்சத் திறமையாக மூன்றைச் சொல்கிறது: ஆழநீருக்குள் உருண்டு விழுந்து நிமிர்வது, ஒரு நிமிடம் மிதந்து நிற்பது, 50 மீற்றர் நீந்துவது. பெரியவனை இந்த வசந்தத்திலேயே வகுப்பில் சேர்த்துவிடும். சின்னவள் தண்ணீரில் இருக்கும்போது ஒரு பெரியவர் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். அவர் கையில் தொலைபேசி இருக்கக் கூடாது. மூழ்குகிறவர் படத்தில் வருவதுபோலக் கத்திக் கையசைப்பதில்லை. பெரும்பாலும் சத்தமே இராது. விருந்து நாளில் இருபது பேர் சுற்றி நின்றாலும் எல்லோரும் மற்றவர் பார்ப்பார் என்றே நிற்பார்கள். ஆளுக்கு அரைமணி என்று பெயர் சொல்லி முறை வைக்கவும்.

வெப்பமூட்டியைப் பற்றி மாமாவுக்குக் கருத்தில்லை. அதை உரிமம் பெற்ற எரிவாயுத் தொழிலாளியிடம் விட்டுவிடும்.

மே மாதத்து முதல் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு மாமா சோதனைப் பெட்டியோடும் தும்புத்தடியோடும் வருவார். மாமி இடியப்பம் கட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அதற்குள் மூடியின் மேல் நிற்கும் தண்ணீரை மட்டும் இறைத்து வையும். இறைக்க ஆசையாக இருந்தால் அது போதும்.

இப்படிக்கு,
அன்பு மாமா
ஸ்காபரோ