என்செனாடாவில் நிலம் வாங்குகிறீர்களா?

மெக்சிகோவின் கடலோர ஊரான என்செனாடாவை ஒட்டி, குவாதலூப்பே பள்ளத்தாக்கின் திராட்சைத் தோட்டங்கள். அங்கே வெற்று நிலம் தேடும் வெளிநாட்டவர் கவனிக்க:

கடலிலிருந்து 50 கி.மீ., நாட்டு எல்லையிலிருந்து 100 கி.மீ.க்குள் வீட்டுமனைக்கு உங்கள் பெயரில் நேரடிப் பத்திரம் ஆகாது. வங்கி அறக்கட்டளை வழியாகத்தான்; 50 ஆண்டு, புதுப்பிக்கலாம்.

விலை சந்தேகப்படும்படி மலிவா? ‘எஹீதோ’ நிலமாக இருக்கலாம். அது கிராமச் சமூகத்தின் நிலம். முழுத் தனியுரிமையாக மாறிப் பதிவாகும்வரை, விற்பவர் நீட்டும் கையெழுத்துத் தாளை நம்பாதீர்கள். பதிவகத்தில் வில்லங்கச் சான்றும் எடுங்கள், நம்மூர் வழக்கம்தான்.

தண்ணீர்தான் பெரிய தலைவலி. மழை குறைவு. மனையில் கிணறு இருந்தால் மட்டும் போதாது. தேசிய நீர் ஆணைய உரிமம் யார் பெயரில், ஆண்டுக்கு எத்தனை கனமீட்டர் எனப் பாருங்கள்.

அங்கே நோட்டரி என்பவர் அரசு நியமித்த வழக்கறிஞர். அவர் காகிதங்களைப் பார்க்கும் முன் முன்பணம் கொடுக்காதீர்கள்.