அருவிக்குப் போகும் என் பிள்ளைக்கு

குட்லாடம்பட்டி அருவிக்கு நண்பர்களோடு ஒரு நாள் நடை போகப் போவதாகச் சொன்னாய். மனசு நிறைந்தது. திண்டுக்கல்லில் பிறந்து, லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நின்று வளர்ந்த பிள்ளை, தண்ணீர் கொட்டுகிற இடத்தைத் தேடிப் போவது நல்ல ஆசைதான். சிறுமலை அடிவாரத்து முள்காட்டில் நடந்தே வயசான உரிமையில் சிலது சொல்கிறேன், தங்கம். மேடு ஏறுவதை உன் கால் தானாகக் கற்றுக்கொள்ளும். மனசுக்குத்தான் யாராவது சொல்ல வேண்டியிருக்கிறது.

1. தண்ணீர் உனக்காகக் காத்திருக்கும் என்று எண்ணிப் போகாதே. தென்மேற்குப் பருவமழையில் பெரும்பங்கை மேற்கே இருக்கும் மலைகள் வாங்கிக்கொள்கின்றன. நம் சமவெளிக்கு ஆடியில் வருவது காற்றுதான். ஆண்டு முழுக்கச் சேர்த்தாலும் மழை 800 மில்லிமீட்டரை ஒட்டித்தான் நிற்கும், அதிலும் கிட்டத்தட்டப் பாதி ஐப்பசி, கார்த்திகையில். சிறுமலையோ யாரோடும் ஒட்டாமல் தனியே நிற்கும் மலை. அதன் தலையில் விழுந்த மழைதான் இந்த அருவிக்கு முதல். அடைமழை பிடித்த வருஷம் கார்த்திகையிலும் மார்கழியிலும் சுமார் 27 மீட்டர் உயரத்திலிருந்து கொட்டும். பங்குனியில் போனால் பாறையில் நீர் இறங்கிய கறைதான் மிச்சம்.

அப்படிக் காய்ந்து கிடந்த ஒரு நாளில் எங்களோடு வந்த பையன்கள் முகம் தொங்கிப் போனார்கள். கூட வந்திருந்த பெரியவர் ஒன்றும் பேசாமல் ஓடைமணலில் குந்தி, கையாலேயே ஒரு முழம் தோண்டினார். முதலில் மணல் கறுத்தது. பிறகு ஓரமெல்லாம் ஈரம் கசிந்து, குழியின் அடியில் கலங்கலாக ஒரு கை நீர் சேர்ந்தது. அதை இறைத்துவிட்டார். மறுபடி ஊறியது, மறுபடி இறைத்தார். மூன்றாவது தடவை ஊறியது தெளிந்து நின்றது. பையன்கள் அருவியை மறந்து குழியைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். இல்லை என்று முகம் சுளிக்கும் முன்னால் இருப்பதைப் பார்க்கத் தெரிந்துகொள்.

2. விடியுமுன் கிளம்பு. கொடைரோடு தாண்டி வாடிப்பட்டியில் இறங்கும்போது வெளிச்சம் வந்திருந்தால் போதும். 11 மணிக்குள் தண்ணீர் பக்கம் போய்ச் சேர், 3 மணி வரை நிழலை விட்டு நகராதே. தலைக்குத் துண்டு, காலுக்குக் கெட்டியான செருப்பு, ஆளுக்கு 3 லிட்டர் தண்ணீர். அங்கேதான் அருவி இருக்கிறதே என்று வெறும் பாட்டிலோடு வருகிறவன்தான் நடுவழியில் அடுத்தவன் பையைப் பார்ப்பான். உப்புப் போட்ட மோரும், கையில் நாலு சிறுமலை வாழைப்பழமும் இருந்தால் மத்தியானம் வரை தாங்கும்.

3. கூட்டத்தில் மெதுவாக நடப்பவர் யாரோ, அவர்தான் அன்றைக்கு வழிகாட்டி. தைப்பூசத்துக்கு நம் ஊர் வழியாகப் பழனிக்கு நடக்கிறவர்களைச் சின்ன வயசிலிருந்து பார்க்கிறாய். அதில் தெம்பாக ஒட்டன்சத்திரம் தாண்டுகிறவர்கள் யார் என்று கவனித்திருக்கிறாயா? விறுவிறுவென்று முன்னால் போனவர்கள் அல்ல. பாட்டியின் கைப்பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, அவள் உட்கார்ந்தால் தானும் உட்கார்ந்து நடந்தவர்கள். பதறாத காரியம் சிதறாது. உன் நண்பன் மூச்சு வாங்கினால் கேலி பேசாதே. செருப்பு வாரைச் சரிசெய்கிற சாக்கில் நீயும் நின்றுகொள். அவனுக்குக் கூச்சமாக இருக்காது.

4. அடிவாரத்தில் ஆடு மேய்ப்பவரைக் கண்டால் நின்று பேசு. ‘அண்ணே’ என்றோ ‘ஆத்தா’ என்றோ கூப்பிட்டு, மலையில் மழை உண்டா, காட்டுமாடு இறங்குகிறதா என்று கேள். செல்போன் காட்டும் மேகத்தைவிட அவர் கண் பார்த்த மேகம் கிட்டத்தில் இருக்கிறது. விறகுக்கட்டோடு இறங்கிய ஒரு ஆத்தா, “ஓடைக்குள்ள போகாதீக, கரை மேலேயே போங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். காரணம் கேட்க ஆள் இல்லை. கரை மேலேயே போனோம். ஓடைத் திருப்பத்தில் தனிக் காட்டுமாடு ஒன்று படுத்திருந்தது.

5. இதை மட்டும் இரண்டு தடவை படி. வறண்ட நிலத்து ஓடை, மழைநாட்டு ஆற்றைவிட ஆபத்தானது. காய்ந்து இறுகிய தரையும் பாறையும் மழையைக் குடிக்காது, விழுந்ததையெல்லாம் அப்படியே கீழே தள்ளிவிடும். உன் தலைக்கு மேல் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். மலைமேல் பெய்த மழை சற்று நேரத்தில் உன் இடுப்புக்கு வந்துவிடும். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் அப்படித்தான் நல்ல கோடையில் திடீர் வெள்ளம் இறங்கி ஒரு சிறுவனை அடித்துப் போனது. குளித்துக்கொண்டிருந்தவர்கள் சிதறி ஓடியதை நாடே பார்த்தது.

தெளிந்த நீர் செம்மண் நிறம் காட்டினால், சருகும் சுள்ளியும் மிதந்து வந்தால், இரைச்சல் மாறினால், சோப்பையும் செருப்பையும் தேடாதே. கரை ஏறு. ஓடை போகும் திசையில் ஓடாமல் பக்கவாட்டில் மேட்டுக்குப் போ. அக்கரையில் மாட்டிக்கொண்டால் வடியும் வரை அங்கேயே இரு. பசித்த வயிறோடு இரண்டு மணி நேரம் உட்காரத் தெரிந்தவன் வீடு வந்து சேர்வான். முழங்கால் அளவுதானே என்று கயிறு கூட இல்லாமல் இறங்குவது தைரியம் இல்லை, அப்பு.

6. படம் எடுக்கப் பாறை நுனிக்குப் போகாதே. 2022 ஆகஸ்டில் நம் மாவட்டத்துப் புல்லாவெளி அருவியில் ஒரு இளைஞர், நண்பர் படம் பிடித்துக்கொண்டிருக்கும்போதே வழுக்கி விழுந்தார். அந்தக் காட்சி ஊரெல்லாம் சுற்றியது. அவரைப் பெற்றவர்களும் அதைப் பார்த்திருப்பார்கள். பச்சைப் பாசி கண்ணுக்குத் தெரியும், காலை வைக்கமாட்டாய். கறுப்பாகக் காய்ந்தது போல் இருக்கும் பாசிதான் காலை வாரும்.

7. அந்தத் தண்ணீர் கீழே யாரோ குடிக்கிற தண்ணீர். புல்லாவெளியில் விழுவது குடகனாறாகி ஆத்தூர் காமராஜர் அணைக்கு வருகிறது. அங்கிருந்தும் நம் ஊருக்குக் குடிதண்ணீர் வருகிறது. நீ மேலே கிழித்துப் போடும் ஷாம்பு பாக்கெட் உன் வீட்டுக் குழாய்ப் பக்கம்தான் பயணம் போகிறது. குட்லாடம்பட்டியில் விழுவதும் அடிவாரத்து வயலுக்குப் போகிற நீர். அடுத்தவர் வீட்டு அடுப்படிக்குள் நுழைகிறவன் போல அங்கே நடந்துகொள். பாட்டில் உடைக்கிற கூட்டத்தோடு போகவே போகாதே. பாறை இடுக்கில் கிடந்த கண்ணாடிச் சில்லு மேய்ச்சல்காரப் பையனின் குதிகாலைக் கிழித்ததைக் கண்ணால் பார்த்தேன். மழைக்காலம் முழுக்க அவன் நொண்டினான். உடைத்தவர்கள் அன்று சாயங்காலமே ஊர் போய்ச் சேர்ந்திருப்பார்கள்.

8. வழியில் தாடகை நாச்சியம்மன் இருக்கிறாள். அருவிக்கே அவள் பெயரைச் சொல்கிறவர்கள் உண்டு. உனக்குச் சாமி நம்பிக்கை இருந்தாலும் இல்லாவிட்டாலும் செருப்பைக் கழற்று, பாட்டை நிறுத்து. அங்கே கும்பிடுகிறவர்கள் தலைமுறை தலைமுறையாக மழை கேட்டு வருகிறவர்கள்.

9. ‘திரும்பு’ என்றால் மறுபேச்சில்லாமல் திரும்பி வரத் தெரிந்தவனை மட்டும் கூட்டிப் போ. கஜா புயல் வந்த 2018 நவம்பரில் இந்த அருவியின் படிகளும் குளிக்கும் இடமும் சிதைந்துபோயின. ஆகையால் இப்போது அனுமதி உண்டா என்று வனத்துறையில் கேட்காமல் கிளம்பாதே. மறுத்தால் வாதாடாதே, பின்வழி தேடாதே. தடை எதற்கு என்று கேட்கிறாயா? அதே 2018-இல் மார்ச் 11 அன்று போடி பக்கம் குரங்கணியில் காட்டுத் தீ மலையேறப் போனவர்களைச் சூழ்ந்தது. இருபதுக்கும் மேற்பட்டவர்கள் போய்விட்டார்கள். பெரும்பாலும் இளம் வயசுக்காரர்கள். அதற்குப் பிறகுதான் மலையேற்றத்துக்கென்று அரசு தனி விதிகள் போட்டது. மாசி, பங்குனியில் காய்ந்த புல் தீப்பிடிக்கக் காத்துக் கிடக்கும். அந்த மாதங்களில் மலைப்பக்கமே வேண்டாம். மற்ற மாதங்களிலும் தீப்பெட்டி வீட்டிலேயே இருக்கட்டும்.

எந்த வழியாகப் போகிறாய், எத்தனை மணிக்குத் திரும்புவாய் என்று அம்மாவிடம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போ. ஐப்பசி மழை நன்றாகப் பிடித்தால் எனக்கும் ஒரு வார்த்தை சொல்லு. முழங்கால் வலி இருக்கிறது, இருந்தாலும் நாச்சியம்மன் கோயில் வரைக்கும் கூட வருவேன்.