கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லையா?

நேற்று வரை நன்றாக இயங்கிய டெஸ்க்டாப் கம்ப்யூட்டர், இன்று பவர் பட்டனை அழுத்தினால் அசைய மறுக்கிறது. விளக்கு எரியவில்லை, விசிறிச் சத்தமும் இல்லை. உடனே 'மதர்போர்ட் போய்விட்டது' என முடிவு கட்டிவிட வேண்டாம். சுவரிலிருந்து கம்ப்யூட்டருக்கு மின்சாரம் வரும் வழியை வரிசையாகச் சோதித்திடுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். அப்போதுதான் பழுது எங்கே என்பது தெரியும்.

1. பிளக் பாயிண்ட்: கம்ப்யூட்டர் பிளக்கை எடுத்துவிட்டு, அதே இடத்தில் ஒரு டேபிள் லேம்ப்பை மாட்டிப் பாருங்கள். அது எரிந்தால் பாயிண்ட் சரி.

2. யு.பி.எஸ்.: அது ஆன் ஆகியுள்ளதா? சந்தேகம் இருந்தால் கம்ப்யூட்டரை நேரடியாகச் சுவர் பாயிண்ட்டில் இணைத்திடுங்கள். இப்போது இயங்கினால் கோளாறு யு.பி.எஸ்.ஸில்தான்.

3. பவர் கார்ட்: கேபினட்டின் பின்புறம் அழுத்திச் செருகுங்கள். மானிட்டருக்கும் அதே வகைக் கார்ட் இருந்தால் மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

4. பின்புற சுவிட்ச்: கார்ட் செருகும் இடத்தருகே பல எஸ்.எம்.பி.எஸ்.களில் ஒரு சிறிய சுவிட்ச் இருக்கும். தூசி துடைக்கும்போது கை பட்டு இது அணைந்துவிடுவது உண்டு. வட்டம் போட்ட பக்கம் அல்ல, கோடு போட்ட பக்கம் அழுந்தியிருக்க வேண்டும்.

5. மீதி மின்சாரம்: பவர் கார்டையும், பென் டிரைவ், பிரிண்டர் போன்ற இணைப்புகளையும் எடுத்துவிடுங்கள். பவர் பட்டனை 30 விநாடிகள் அழுத்திப் பிடியுங்கள். பின் கார்டை மட்டும் மாட்டி ஆன் செய்திடுங்கள். மின்னழுத்தம் திடீரென ஏறி இறங்கியதால் தன்னைத்தானே நிறுத்திக்கொண்ட எஸ்.எம்.பி.எஸ். இதனால் மீண்டும் இயங்கலாம். இயங்கினால், எடுத்த சாதனங்களை ஒவ்வொன்றாக இணைத்துப் பாருங்கள். எதை இணைத்ததும் தகராறு வருகிறதோ, அதுவே காரணம்.

இதற்கும் அசையவில்லை என்றால் டெக்னீசியனை அழைக்கலாம். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் நீங்கள் திறக்கவே கூடாது. பிளக்கை எடுத்த பின்னரும் அதன் உள்ளே உள்ள கெப்பாசிட்டர்களில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கலாம். தொட்டால் உயிருக்கே ஆபத்து.

வருபவரிடம், மேலே சொன்னவற்றில் எவற்றையெல்லாம் சோதித்தீர்கள் என்று சொல்லுங்கள். தேவையில்லாத செலவு குறையும். இன்னொன்று. கம்ப்யூட்டருக்கு மின்சாரம் வரவில்லை என்றால், உங்கள் போட்டோக்களும் பைல்களும் அழிந்துவிட்டன என்று பொருள் அல்ல. பெரும்பாலும் அவை ஹார்ட் டிஸ்க்கில் பத்திரமாகவே இருக்கும். பவர் கோளாறைச் சரி செய்ய ஹார்ட் டிஸ்க்கை பார்மட் செய்ய வேண்டிய அவசியமே இல்லை. யாராவது அப்படிச் சொன்னால், 'எதற்காக?' என்று தயங்காமல் கேளுங்கள்.