மூச்சும் ரத்தமும் சந்திக்கும் இடம்

பிராணாயாமம் பழகத் தொடங்கும் அன்பர்கள் பலரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. மூச்சை ஆழமாக இழுத்தால் ரத்தத்தில் பிராணவாயு நிறையச் சேரும் அல்லவா? ஆம் என்று சொல்லிவிடுவது எளிது. உடலியல் கூறும் விடையோ வேறு. அதை அறிய, ஒரு மூச்சின் பின்னாலேயே சிறிது தூரம் நாமும் சென்று பார்க்க வேண்டும்.

அமைதியாக அமர்ந்திருக்கையில் ஒரு மூச்சில் நாம் உள்ளே இழுப்பது ஏறத்தாழ 500 மில்லிலிட்டர் காற்று. மூக்கிலும் தொண்டையிலும் அது வெப்பமும் ஈரமும் பெறுகிறது. பிறகு மூச்சுக்குழலில் இறங்கி, இரண்டிரண்டாகப் பிரிந்துகொண்டே போகும் கிளைகளின் வழியே நுரையீரலின் உட்பகுதிக்குச் செல்கிறது. ஆனால் இந்த 500-இல் சுமார் 150 மில்லிலிட்டர் வழியிலுள்ள குழாய்களிலேயே தங்கி, ரத்தத்துக்கு எதையும் தராமல் வந்த வழியே வெளியேறிவிடுகிறது. எஞ்சிய 350 மில்லிலிட்டர்தான் காற்றுச் சிற்றறைகளை அடைகிறது.

இந்தச் சிற்றறைகள் 30 கோடி முதல் 50 கோடி வரை இருக்கும். அவற்றின் சுவர்களையெல்லாம் விரித்துப் பரப்ப முடியுமானால் சுமார் 70 சதுர மீட்டர் ஆகும். ஒரு சிறு குடும்பம் வசிக்கப் போதுமான வீட்டின் தரைப்பரப்பு அது. ஒவ்வொரு சிற்றறையையும் மிக நுண்ணிய ரத்தக் குழாய்கள் வலைபோலச் சூழ்ந்துள்ளன. காற்றையும் ரத்தத்தையும் பிரிக்கும் திரையின் கனம் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய 2,000-இல் ஒரு பங்கு!

இத்திரையைப் பிராணவாயு கடப்பது எப்படி? இது ஒரு காலத்தில் அறிஞர்களிடையே பெரும் வழக்காக இருந்தது. கோபன்ஹேகனில் பேராசிரியராக இருந்த கிறிஸ்டியன் போர், சுரப்பிகள் தம் நீரைச் சுரப்பதுபோல நுரையீரலும் தானே முயன்று பிராணவாயுவை ரத்தத்துக்குள் செலுத்துகிறது என்று கருதினார். அவரிடம் உதவியாளராக இருந்த ஆகஸ்ட் குரோக், தம் துணைவியும் மருத்துவருமான மேரி குரோக்குடன் சேர்ந்து செய்த ஆய்வுகளை 1910-இல் வெளியிட்டு, ஆசிரியரின் கருத்தை மறுத்தார். ஆயினும் வழக்கு அத்துடன் முடியவில்லை. இங்கிலாந்தின் ஹால்டேன் போரின் பக்கமே நின்றார். 1920-இல் ஜோசப் பார்கிராப்ட் என்ற அறிஞர் ஒரு கண்ணாடி அறைக்குள் ஆறு நாட்கள் தம்மை அடைத்துக்கொண்டு, உள்ளே பிராணவாயுவைக் குறைக்கச் செய்து, தம் கையின் தமனியிலிருந்தே ரத்தம் எடுத்துச் சோதிக்க வைத்தார். காற்றில் இருந்த அழுத்தத்தைவிட ரத்தத்தில் அதிகம் ஏறவே இல்லை. நுரையீரல் எதையும் பிடித்துத் தள்ளுவதில்லை என்பது உறுதியாயிற்று.

மேட்டு வயலிலிருந்து தாழ்ந்த வயலுக்கு மடை வழியே நீர் பாய்வதுபோல, பிராணவாயு தன் அழுத்தம் மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குத் தானே செல்கிறது. சிற்றறையில் அதன் அழுத்தம் பாதரச அளவில் சுமார் 100 மில்லிமீட்டர். உடலெங்கும் சுற்றித் திரும்பிய ரத்தத்தில் 40. இந்த வேறுபாடே அதனைச் செலுத்துகிறது. கரியமில வாயு எதிர்த்திசையில், ரத்தத்தின் 46-இலிருந்து சிற்றறையின் 40-க்கு வருகிறது. அது திரையை மிக எளிதாகக் கடக்கவல்லது. ஆதலால் இச்சிறு வேறுபாடே அதற்குப் போதும். ஒரு சிவப்பணு சிற்றறையை ஒட்டிச் செல்லும் நேரம் ஒரு விநாடியில் முக்கால் பங்கு. அதில் முதல் மூன்றில் ஒரு பகுதிக்குள்ளாகவே அது நிறைந்துவிடுகிறது.

நிறைந்துவிடுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். சிவப்பணுவிலுள்ள ஹீமோகுளோபினின் ஒவ்வொரு மூலக்கூறும் நான்கு பிராணவாயு மூலக்கூறுகளைத் தாங்கும். அதற்கு மேல் இடமில்லை. ஆரோக்கியமான ஒருவர் சாதாரணமாக மூச்சு விடும்போதே இந்த இருக்கைகளில் நூற்றுக்கு 97 நிரம்பியிருக்கின்றன. ஆகவே எவ்வளவு ஆழமாக இழுத்தாலும் சமவெளியில் உள்ள நலமான ஒருவருக்கு ரத்தத்தில் கூடுவது மிகச் சொற்பமே.

அப்படியாயின் நிதானமான ஆழ்ந்த மூச்சினால் பயனில்லையா? உண்டு. நிமிடத்துக்கு 15 முறை 500 மில்லிலிட்டர் வீதம் இழுப்பவருக்குச் சிற்றறைகளை அடைவது 5,250 மில்லிலிட்டர். அதே அளவு காற்றை 30 முறை 250 வீதம் மேலோட்டமாக இழுப்பவருக்கு 3,000 மட்டுமே; மற்றது குழாய்களிலேயே வீணாகிறது. மாறாக, ஆழமாகவும் வேகமாகவும் தொடர்ந்து மூச்சு விட்டால் கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறும். மூளைக்குச் செல்லும் ரத்தக் குழாய்கள் சுருங்கும். தலை சுற்றுவதையும் விரல்கள் மரப்பதையும் சிலர் சாதனையின் முன்னேற்றம் என்று மகிழ்கிறார்கள். அது மகிழ வேண்டிய செய்தியன்று. உடனே நிறுத்தி, இயல்பாக மூச்சு விட வேண்டும்.

இங்கே இன்னொரு நுட்பம் உள்ளது. மூச்சுத் திணறலை நமக்கு உணர்த்துவது பெரும்பாலும் கரியமில வாயுவின் மிகுதியே. பிராணவாயுவின் குறைவை அறியும் உறுப்புகள் கழுத்துத் தமனிகளின் அருகே இருந்தாலும், அதன் அழுத்தம் 60-க்குக் கீழே இறங்கிய பின்னரே அவை உரத்துக் குரல் கொடுக்கின்றன. 2020, 2021 ஆம் ஆண்டுகளில் கொரோனா நோயாளிகள் சிலர் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கையில், விரலில் மாட்டிய சிறு கருவி 80-ஐக் காட்டியது இதனால்தான். நோயால் சிற்றறைகள் பழுதுற்றுப் பிராணவாயு நுழைய வழி குறைந்தது. கரியமில வாயுவோ தடையின்றி வெளியேறியது. உடல் எச்சரிக்கவில்லை. அக்கருவியின் அடிப்படையை 1970களில் கண்டவர் ஜப்பானியரான தகுவோ அயோயாகி. தம் கண்டுபிடிப்பு வீடுதோறும் தேவைப்பட்ட 2020-ஆம் ஆண்டிலேயே அவர் மறைந்தார்.

திரை நலமாக இருந்தும் அழுத்தம் குறைவதுண்டு. கேதார்நாத் யாத்திரையில் நேர்வது அதுவே. கோயில் இருப்பது சுமார் 3,580 மீட்டர் உயரத்தில். அங்கேயும் காற்றில் பிராணவாயு நூற்றுக்கு 21 பங்குதான். ஆனால் காற்றின் மொத்த அழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்கு இறங்கிவிடுகிறது. மேட்டு வயலின் மட்டமே தாழ்ந்துபோனால் மடையில் நீர் வேகமாக வருமா? நலமாக உள்ளவருக்கும் கருவி 90-ஐ ஒட்டிக் காட்டலாம். உடல் இதற்குப் பழகச் சில நாட்கள் ஆகும். ஹெலிகாப்டரில் செல்பவர்களுக்கு அந்த நாட்கள் கிடைப்பதில்லை.

ஆகவே மலைக்குச் செல்லும் அன்பர்கள், முக்கியமாக முதியோர், இடைவழியில் ஓரிரவாவது தங்கி ஏறுவது நல்லது. தலைவலியோ குமட்டலோ இருந்தால் மேலே ஏறக் கூடாது. படுத்திருக்கும்போதும் மூச்சு வாங்கினால், இருமலும் சேர்ந்தால், நுரையீரலில் நீர் கோக்கிறது என்று ஐயுற வேண்டும். சிலிண்டரிலுள்ள பிராணவாயு சற்று நேரம் தாங்கும். ஆனால் தரிசனம் முடியட்டும் என்று காத்திராமல், இரவானாலும் துணையோடு கீழே இறக்கிவிட வேண்டும். கருவியைப் பார்ப்பதற்கு முன் கைகளைத் தேய்த்துச் சூடேற்றிக்கொள்ளவும். குளிரில் விறைத்த விரலில் அது தவறாகக் காட்டும்.