கொள்கலனுக்குள் ஒரு வகுப்பறை வலைப்பூ

மாணவர்களின் கவிதை, களப்பயண அறிக்கை, அறிவியல் திட்டக் குறிப்பு எல்லாம் ஆண்டு முடிவில் பழைய தாள்களோடு போய்விடுகின்றன. வகுப்புக்கு ஒரு வலைப்பூ இருந்தால் அவை நிலைக்கும். அதை இணையத்தில் வைத்தால் பிள்ளைகளின் பெயரும் படமும் ஊரறியப் பரவும். ஆகவே பள்ளி ஆய்வகக் கணினி ஒன்றையே சேவையகமாக்கி, பள்ளி வலையமைப்புக்குள் மட்டும் திறக்கும் வலைப்பூக்களை நடத்தலாம். மேல்நிலைக் கணினிப் பயன்பாடுகள் பாடத்தில் வரும் பிஎச்பி, மைஎஸ்கியூஎல் ஆகியவற்றை மாணவர்கள் நேரில் காண இது நல்ல வாய்ப்பும் ஆகும்.

கொள்கலன் என்பது என்ன?

1956இல் அமெரிக்கரான மால்கம் மெக்லீன் 58 உலோகப் பெட்டிகளைக் கப்பலில் ஏற்றி நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். பெட்டிக்குள் என்ன சரக்கு இருந்தாலும் வெளியளவு ஒன்றே என்பதால், லாரி, கப்பல், பாரந்தூக்கி எதுவும் அதைக் கையாள முடிந்தது. 2013இல் வெளிவந்த டாக்கர் என்னும் திறந்த மூல மென்பொருள் இதே கருத்தைக் கணினிக்குள் கொண்டுவந்தது. ஒரு மென்பொருளையும் அது இயங்கத் தேவையான துணைக்கோப்புகளையும் ஒரே பெட்டியில் அடைத்துவிட்டால், டாக்கர் உள்ள எந்தக் கணினியிலும் அது ஒரே மாதிரி இயங்கும்.

மெய்நிகர்க் கணினிக்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. மெய்நிகர்க் கணினி தனி வீடு. தனக்கென முழு இயக்க அமைப்பையும் சுமக்கிறது. கொள்கலன் வளவு வீடு. அறைகள் தனித்தனி, கிணறு பொது. இங்கே பொதுக் கிணறு லினக்ஸின் கருவான கர்னல். அதனால்தான் பழைய கணினியிலும் பல கொள்கலன்கள் ஓடுகின்றன.

இன்னும் இரண்டு சொற்கள் தேவை. செங்கல் அச்சு போன்றது இமேஜ். அந்த அச்சிலிருந்து வார்த்த செங்கல் கொள்கலன். ஓர் அச்சிலிருந்து எத்தனை செங்கல் வேண்டுமானாலும் வார்க்கலாம்.

தேவையானவை

64 பிட் செயலியும் 4 ஜிபி நினைவகமும் உள்ள, லினக்ஸ் நிறுவிய ஒரு கணினி தொடக்கத்துக்குப் போதும். அதற்கு மாறாத ஐபி முகவரி கொடுத்துவிடுங்கள். வேர்ட்பிரஸ் தன் தள முகவரியைத் தரவுத்தளத்திலேயே எழுதி வைக்கும். பிறகு ஐபி மாறினால் இணைப்புகள் பழைய முகவரிக்கே போகும்.

இமேஜ்களை இறக்க முதல்முறை மட்டும் இணையம் வேண்டும். இணையம் மெதுவான பள்ளி என்றால், வேறிடத்தில் இறக்கிய இமேஜை ஒரே கோப்பாகச் சேமித்து, பென்டிரைவில் கொண்டுவந்து ஏற்றிக்கொள்ளலாம்.

முதல் பாடவேளை: போர்ட் எண்

என்ஜின்எக்ஸ் என்னும் வலைச் சேவையகத்தின் இமேஜிலிருந்து ஒரு கொள்கலனை இயக்குங்கள். அதற்குள் சேவையகம் 80ஆம் போர்ட்டில் காத்திருக்கும். கணினியின் 8006ஆம் போர்ட்டைக் கொள்கலனின் 80ஆம் போர்ட்டோடு இணையுங்கள். இப்போது ஆய்வகத்தின் எந்தக் கணினி உலாவியிலும் சேவையகத்தின் ஐபி முகவரி, முக்காற்புள்ளி, 8006 என்று தட்டினால் வரவேற்புப் பக்கம் திறக்கும். அதே இமேஜிலிருந்து 8007இல் இன்னொன்றை இயக்குங்கள்.

"ரெண்டுக்கும் ஒரே நம்பர் குடுத்தா எதுக்குப் போகும் சார்?" என்று யாராவது கேட்பார்கள். பதில் சொல்லாதீர்கள், செய்து பார்க்கச் சொல்லுங்கள். அந்த போர்ட் ஏற்கெனவே ஒதுக்கப்பட்டுவிட்டது என்று டாக்கர் மறுத்துவிடும். கொள்கலனுக்குள் இரண்டும் 80ஆக இருக்கலாம், வெளியே கதவு எண் வேறாக வேண்டும் என்பதை மாணவர்களே கண்டறிவார்கள்.

இரண்டாம் பாடவேளை: கரும்பலகையும் குறிப்பேடும்

இதுவே இப்பாடத்தின் உயிர். கொள்கலனுக்குள் புகுந்து வரவேற்புப் பக்கத்தில் ஒரு மாணவரை வாழ்த்து எழுதச் சொல்லுங்கள். கொள்கலனை நிறுத்தி மீண்டும் இயக்கினால் வாழ்த்து இருக்கும். கொள்கலனை நீக்கிவிட்டு அதே இமேஜிலிருந்து புதிதாக இயக்கினால் வாழ்த்து இருக்காது. கொள்கலனுக்குள் எழுதுவது கரும்பலகையில் எழுதுவது போல, துடைத்தால் போயிற்று.

அடுத்து, பக்கங்கள் உள்ள கோப்புறையை வால்யூம் என்னும் தனிச் சேமிப்பிடத்தோடு இணைத்து இதே செயலைத் திரும்பச் செய்யுங்கள். கொள்கலன் போனாலும் வாழ்த்து நிற்கும். வால்யூம்தான் குறிப்பேடு. ஓராண்டு எழுத்து பிழைப்பதும் அழிவதும் இந்த ஓர் இணைப்பைப் பொறுத்தது.

மூன்றாம் பாடவேளை: வலைப்பூக்கள்

வலைப்பூவுக்கு வேர்ட்பிரஸ் கொள்கலனும் மைஎஸ்கியூஎல் கொள்கலனும் வேண்டும். இவற்றை டாக்கர் கம்போஸ் என்னும் ஒரே அமைவுக் கோப்பில் எழுதிவிட்டால் ஒரே கட்டளையில் எல்லாம் எழும். கோப்பில் கவனிக்க வேண்டியவை:

1. ஆறாம் வகுப்புக்கு 8006, ஏழாம் வகுப்புக்கு 8007, எட்டாம் வகுப்புக்கு 8008 என்று வேர்ட்பிரஸ் கொள்கலன்களுக்கு எண் கொடுங்கள். மாணவர்களுக்கு மறக்காது.
2. மைஎஸ்கியூஎல் கொள்கலன் ஒன்றே போதும். அதில் வகுப்புக்கு ஒரு தரவுத்தளம், ஒரு பயனர், ஒரு கடவுச்சொல். வேர்ட்பிரஸ் அதைக் கோப்பில் உள்ள சேவைப் பெயரால் உள்ளேயே அணுகும். எனவே தரவுத்தளத்துக்கு வெளி போர்ட் கொடுக்க வேண்டாம்.
3. தரவுத்தளத்துக்கு ஒரு வால்யூம், ஒவ்வொரு வேர்ட்பிரஸுக்கும் ஒரு வால்யூம் கட்டாயம். கட்டுரைகள் தரவுத்தளத்திலும் படங்கள் வேர்ட்பிரஸ் கோப்புறையிலும் இருப்பதால் இரண்டும் வேண்டும்.
4. நாமே நிறுத்தினால் அன்றித் தானே மீண்டும் இயங்கும்படி மறுதொடக்க விதியை அமையுங்கள். மின்வெட்டுக்குப் பின் கணினியைப் போட்டால் வலைப்பூக்களும் எழுந்துவிடும்.

கம்போஸின் நீக்கும் கட்டளை கொள்கலன்களை நீக்கும். பெயரிட்ட வால்யூம்கள் தங்கும். அதே கட்டளையோடு வால்யூமுக்கான கூடுதல் குறியைச் சேர்த்தால் அவையும் அழியும். இதை ஆய்வகச் சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

நகலும் பாதுகாப்பும்

வால்யூம் இருந்தாலும் வன்தட்டு பழுதானால் எல்லாம் போகும். வெள்ளிக்கிழமைதோறும் தரவுத்தளத்தை ஒரு கோப்பாக ஏற்றுமதி செய்து, படக் கோப்புறையோடு வெளி வன்தட்டில் நகலெடுங்கள். பருவத்துக்கு ஒருமுறை அந்த நகலிலிருந்து வேறொரு போர்ட்டில் வலைப்பூவை எழுப்பிப் பாருங்கள். மீட்டுப் பார்க்காத நகலை நம்ப முடியாது.

மாணவர்களுக்கு எழுதும் உரிமை மட்டும் போதும். வெளியிடும் உரிமை ஆசிரியரிடம் இருக்கட்டும். 18 வயது நிறையாதோரின் தனிப்பட்ட தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது 2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். பள்ளிக்குள் மட்டும் திறக்கும் வலைப்பூவிலும் முழுப்பெயர், முகவரி, கைப்பேசி எண் இல்லாமல் எழுதப் பழக்குவோம்.

மதிப்பீடு

1. இமேஜுக்கும் கொள்கலனுக்கும் உள்ள வேறுபாட்டை உங்கள் வீட்டுப் பொருள் ஒன்றைக் கொண்டு விளக்குக.
2. இரண்டு கொள்கலன்கள் உள்ளே 80ஆம் போர்ட்டில் இயங்கலாம்; வெளியே ஒரே எண்ணைப் பெற முடியாதது ஏன்?
3. வேர்ட்பிரஸுக்கு வால்யூம் உண்டு, தரவுத்தளத்துக்கு இல்லை. கொள்கலன்களை நீக்கி மீண்டும் இயக்கினால் எது மிஞ்சும், எது போகும்?

மூன்றாம் வினாவுக்குச் சரியாக விடை சொல்லும் மாணவர்களிடம் வெள்ளிக்கிழமை நகலெடுக்கும் பொறுப்பை ஒப்படையுங்கள். தங்கள் வகுப்பின் எழுத்தைக் காப்பது தங்கள் வேலை என்பதை அவர்கள் அங்கேதான் கற்பார்கள்.